அம்மாவின் வலது விலா

அந்த வருடம் சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து அம்மாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. எனக்குச் சடை பின்ன வேண்டுமென்றால்கூட அத்தையிடம் போகச் சொன்னாள். அத்தை அப்பாவின் அக்கா. எங்களுக்கு அடுத்த குடிசை. அம்மாவுக்கு வலது மார்புக்குக் கீழே விலாவில் வலி. மூச்சை இழுத்தால் குத்தும், இருமினால் சுருண்டு போவாள். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள்.

எங்கள் தெருவில் அரிசிக்குப் பஞ்சமிருந்தது, காரணங்களுக்கு இல்லை. வாயு பிடித்திருக்கிறது என்று ஒருத்தி பூண்டு சுட்டுக் கொடுத்தாள். தம்பிக்குப் பால் மறக்கடித்ததால் பால் கட்டிக்கொண்டது என்றாள் இன்னொருத்தி. சுளுக்கு எடுக்கிறவர் விளக்கெண்ணெய் தடவி நீவியபோது அம்மா போட்ட சத்தத்தில் தம்பி வீறிட்டு அழுதான். கம்பவுண்டர் சளி என்று சொல்லிச் சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்தார். அப்பா நாகூருக்குப் போய் வேண்டிக்கொண்டு கயிறு வாங்கிவந்து கட்டினார். யார் கேட்டாலும் அம்மா சொன்னது ஒன்றுதான்: "கட்டு தூக்குறப்ப புடிச்சிக்கிச்சு."

அத்தை மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, படலைச் சாத்திக்கொண்டு ஒத்தடம் கொடுப்பாள். நான் எட்டிப் பார்த்தால், "போயி வெளையாடுடி" என்று விரட்டுவாள்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் அம்மாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்பா அவளைத் தாங்கிப் பிடித்துத் தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினார். நானும் போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பால் வாங்கிவரச் சொல்லி அப்பாவை வெளியே அனுப்பினார்.

"வெலா எலும்பு ரெண்டு ஒடஞ்சு கெடக்கு. உள்ள சீழ் கட்டிருச்சு. கட்டு தூக்குனா இப்படி ஒடையாதும்மா. யார் அடிச்சா? உன் புருஷனா?"

"சாமி சத்தியமா அவுரு இல்லீங்க."

"அப்ப யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். "நானே விழுந்துட்டேங்க."

டாக்டர் நம்பவில்லை. பால் தம்ளரோடு உள்ளே வந்த அப்பாவை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "இப்படியா அடிப்ப? நீயெல்லாம் மனுஷனா?" அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் "அவுரு இல்லீங்க" என்று சொல்ல அம்மா முயன்றாள். இருமல்தான் வந்தது.

நடந்ததை அத்தை எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து, அப்பாவும் செத்துப்போன பிறகு. அந்த அறுவடையில் கூலி கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். ஆட்சி மாறி நம் ஆட்சி வந்துவிட்டது என்று டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தாலும், வரப்பில் நின்றது பழைய போலீஸ்தான். ஆண்களைப் பிடித்துப் போகிறார்கள் என்று அப்பாவெல்லாம் மூங்கில் தோப்பில் ஒளிந்திருக்க, பெண்கள் போய் மதகடியில் வழியை மறித்தார்கள். பண்ணையாரின் நிலத்தை மேற்பார்க்கும் காரியக்காரர் தடியை ஓங்கி அம்மாவின் விலாவில் இடித்துத் தள்ளிவிட்டு, விழுந்தவளை மிதித்துக்கொண்டு போனார். ஆண்களிடம் இதைச் சொல்வதில்லை என்று அன்றே பெண்கள் கூடிச் சத்தியம் செய்துகொண்டார்களாம். சத்தியம் வாங்கியது அம்மாதான். "ஆம்பளைங்க காதுல வுழுந்தா அருவாளோட போவாங்க. அப்புறம் இந்தத் தெருவே மிஞ்சாது." கொஞ்ச நாளில் சமாதானம் பேசி, மிச்சமிருந்த அறுப்புக்கு எல்லாரும் இறங்கினார்கள். அப்பா பழையபடி அதே காரியக்காரரிடம் வேலைக்குப் போனார்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

எடுக்கும் நேரத்தில் காரியக்காரர் கோடிச் சேலையோடு தெருமுனையில் வந்து நின்றார். அதற்கு மேல் எங்கள் தெருவுக்குள் அவர் வருவதில்லை. அப்பா ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தார்.

"நாந்தாங்கய்யா கொன்னுட்டேன். பொங்கலன்னிக்குக் கோவத்துல புடிச்சுத் தள்ளுனேன், ஒரல்ல போயி வுழுந்தா. அதுலதான் எலும்பு ஒடஞ்சிருக்கு. டாக்டரு சொல்லிட்டாருங்க."

காரியக்காரரின் பார்வை பெண்கள் பக்கம் போய்த் திரும்பியது.

"எழுந்திரிடா. பொம்பள மேல கை வைக்கலாமா? பாவம்டா அது."

அத்தை எழுந்து ஓர் அடி எடுத்து வைத்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவள் இரண்டு கைகளையும் பற்றி இழுத்து உட்காரவைத்தார்கள். அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு தலையைத் தரையில் முட்டினாள். அம்மா போன துக்கம் எல்லோரையும்விட அத்தைக்குத்தான் அதிகம் என்று நினைத்தேன்.

"அய்யாவக் கும்புட்டுக்கம்மா" என்றார் அப்பா. அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் அம்மாவுக்காகப் புதுச் சேலை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நன்றாகக் கும்பிட்டேன்.