கடைசிப் பாட்டு ஓடுகிறது

செல்வகணேஷுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமைத் தட்டிப் பார்த்து எங்கே இடிக்கிறது, எங்கே நிற்கிறது என்று சொல்லும் டெஸ்டர் வேலை. பகல் முழுக்க இதையே செய்கிறவன் வெளியே வந்தால் சும்மா இருப்பானா? ஹோட்டலில் உட்கார்ந்தால் முதலில் மேசையை ஆட்டிப் பார்ப்பான். கல்யாண வீட்டில் மைக் இரைந்தால் பந்தியிலிருந்து எழுந்து போய் ஒயரைத் திருகுவான். நெய்யாற்றின்கரையில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணோடு தனியாகப் பேசட்டும் என்று உள்ளே அனுப்பினார்கள். பேசிவிட்டு வெளியே வந்தவன், அந்த அறைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னான். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. தாழ்ப்பாளை மாற்றினார்களா என்று தரகரிடம் அவன் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

அவனுடைய அப்பா பகவதிப்பெருமாள் சாலை பஜார் என்னும் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் வேர் பிடித்த குடும்பம். செல்வகணேஷ் படித்தது மலையாளப் பள்ளி. அங்கே அவனைத் தமிழன் என்றார்கள். பொறியியல் படிக்க நாகர்கோவில் போனான். அங்கே மலையாளி என்றார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன், கடைசியில் வீட்டில் பேசுகிற கலப்புப் பேச்சிலேயே பாட்டு எழுத ஆரம்பித்தான். யாருக்கும் புரியாவிட்டாலும் அம்மாவுக்குப் புரியும் என்பது அவன் கணக்கு. அம்மா மங்கலத்துக்குப் புரிந்தது. ஆனால் இதை ஏன் கத்திச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை.

இசைக் குழுவுக்கு ‘ஈரச்செருப்பு’ என்று பெயர். திருவனந்தபுரத்தில் பாதி வருஷம் எல்லாருடைய காலிலும் இருப்பது அதுதான் என்று அவன் விளக்கம் சொல்வான். அவன் பாட்டும் பேஸ் கிட்டாரும். கூட வேலை செய்யும் பிரவின்ராஜ் கிட்டார். பிரவின்ராஜ் நல்ல பையன். எதைச் சொன்னாலும் சரி என்பான், அதற்கு நேர் எதிரானதைச் சொன்னாலும் சரி என்பான். ட்ரம்ஸ் ஷிஜா. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள், தேவாலயப் பாட்டுக் குழுவில் கொட்டிப் பழகியவள், இப்போது கழக்கூட்டத்தில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில், கடை பூட்டியிருக்கும் நேரத்தில், பகவதிப்பெருமாளின் கிடங்கில் பயிற்சி நடக்கும். ஷிஜா ஓங்கி ஒரு அடி அடித்தால் சுற்றியிருக்கும் அண்டாக்களும் குத்துவிளக்குகளும் சேர்ந்து முனகும். உண்மையைச் சொன்னால் அந்த முனகலால்தான் இந்தக் குழுவின் சத்தம் மற்றவர்களுடையதைப் போல இல்லாமல் இருந்தது.

அந்தக் கிடங்கிலேயே பதிவு செய்து, ‘சர்வீஸ் ரோடு’ என்ற ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினார்கள். எட்டுப் பாட்டு. காதில் டிக் டிக் என்று தாளக் கணக்குச் சொல்லும் கருவி ஷிஜாவுக்குப் பிடிக்காது. அதனால் அது இல்லாமலே வாசித்தார்கள்.

பிறகு அபிப்பிராயங்கள் வர ஆரம்பித்தன.

நாகர்கோவில் கோட்டாறிலிருந்து வடிவாம்பாள் அத்தை, மலையாளம் தனக்கு அவ்வளவாகப் புரியாது, இருந்தாலும் பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது என்று குரல் செய்தி அனுப்பினாள். அதே நாள் அலுவலகத்தில் மானேஜர் ஹரிகுமார் தோளில் தட்டி, தமிழ்ப் பாட்டு என்றால் தனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் என்றார். இருவரும் கேட்டது ஒரே பாட்டு. பேஸ் காதில் விழவே இல்லை என்று ஒருவர் எழுதினார். பேஸைத் தவிர வேறு எதுவும் விழவில்லை என்று அதற்குக் கீழே இன்னொருவர் எழுதினார். மூன்றாவது பாட்டைப் போட்டால்தான் என் குழந்தை தூங்குகிறது என்று ஒரு தாய் நன்றி சொன்னாள். ஆல்பத்திலேயே அதிகம் அலறுகிற பாட்டு அது. நாள் முழுக்கப் பாத்திரம் மோதும் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பகவதிப்பெருமாள் ஒரு பாட்டைக் கண் மூடிக் கேட்டுவிட்டு, “சத்தம் கொஞ்சம் கூடுதலாக்கும், மக்களே” என்றார்.

வேறு யாராவது இருந்தால் இதையெல்லாம் கேட்டுச் சிரித்திருப்பார்கள். செல்வகணேஷுக்குத் தூக்கம் போயிற்று. அவன் தொழிலில் ஒரு புகார் வந்தால் அதைச் சரிசெய்து மூடிவிட வேண்டும். திறந்து கிடக்கிற புகார் அவனுக்குப் பல்லில் சிக்கின நார். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினான். எந்தப் போனில் கேட்டீர்கள், இயர்போனா ஸ்பீக்கரா, எந்த நிமிடத்தில் அப்படித் தோன்றியது என்று விசாரித்தான். குழந்தையைத் தூங்க வைத்த அம்மாவைக்கூட விடவில்லை.

ஒரு புகார் மட்டும் பல வாயிலிருந்து வந்தது. கடைசிப் பாட்டு ஓடுகிறது என்பது அது. நிதானமாகத் தொடங்கும் பாட்டு, இரண்டாம் சரணத்தில் வேகம் பிடித்து, முடிவில் தலைதெறிக்கப் போய் நிற்கிறது. பைக்கில் போகும்போது கேட்க அருமை என்று சிலர் கொண்டாடினார்கள். சென்னையில் ஆல்பங்களைப் பிரித்து மேய்கிற ஒரு யூடியூப்காரர் மட்டும், குழுவில் திறமை இருக்கிறது, ட்ரம்ஸ் வாசிப்பவருக்குத்தான் கை நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார். செல்வகணேஷ் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். ஓடத்தான் செய்தது.

இதை ஷிஜாவிடம் கேட்டிருக்க வேண்டும். அவள் தேவாலயத் திருநாளுக்காக போனக்காட்டுக்குப் போயிருந்தாள். அங்கே மலையில் போன் எடுக்காது. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சரிசெய்து வைத்துவிட்டால் அவளுக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கும் என்றுகூட நினைத்தான். நம்புங்கள், அவன் மனதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பிரவின்ராஜிடம் கேட்டதற்குச் சரி என்றான்.

மடிக்கணினியில் உட்கார்ந்தான். ட்ரம்ஸின் ஒவ்வொரு அடியையும் திரையில் பிடித்து, கோடு போட்டது போலச் சம இடைவெளியில் நிறுத்தினான். பாட்டை வரிவரியாக வெட்டி அந்த அடிகளின் மேல் கொண்டுவந்து உட்காரவைத்தான். கூடவே மற்றப் புகார்களையும் தீர்த்தான்: பேஸைக் கூட்டினான், பிறகு குறைத்தான், அண்டாக்களின் முனகலைத் துடைத்து எடுத்தான். பழைய ஆல்பத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினான். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினான்.

ஷிஜா திருநாள் முடிந்து மலையிறங்கி வந்தாள். அடிவாரத்தில் விதுரை வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. யாரோ அனுப்பியிருந்த இணைப்பைத் திறந்து, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடைசிப் பாட்டைக் கேட்டாள். அவள் செல்வகணேஷைக் கூப்பிட்டுச் சண்டை போடவில்லை. நேரே சாலை பஜாருக்கு வந்து, ட்ரம்ஸைக் கழற்றி ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ரிப்பேருக்குத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்து, பாத்திரம் கட்டுகிற கயிற்றால் பகவதிப்பெருமாளே இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

“அந்தப் பிள்ளைக்கு முகம் செரியில்ல கேட்டியா” என்று மட்டும் சாயங்காலம் மகனிடம் சொன்னார்.

செல்வகணேஷ் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினான், பார்த்தாள், பதில் இல்லை. அந்தச் சனிக்கிழமை மாலை மானவீயம் வீதியில் ஆல்பத்தை மேடையில் வாசிப்பதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. மேடை போனால் போகிறது. ஷிஜா இல்லாமல் ஈரச்செருப்பு இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவளோடு சேர்ந்து வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அவன் வாரத்தில் குறை தேடாமல் இருக்கும் ஒரே நாள். அதுவும் போய்விடும் போலிருந்தது.

மடிக்கணினியிலிருக்கும் ட்ரம்ஸையே மேடையில் ஓடவிட்டால் போதுமே என்று பிரவின்ராஜ் சொன்னான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு யோசனை சொன்னதால் அதைத் தட்ட மனமில்லை. கிடங்கில் இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். கடைசிப் பாட்டில், இரண்டாம் சரணம் வந்ததும், செல்வகணேஷ் ட்ரம்ஸைத் தாண்டிப் போய்விட்டான். நிறுத்தி மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் தாண்டினான். இன்னொரு தரம் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினான்; அப்போதும் அவன் முன்னால் போய் நிற்க, ட்ரம்ஸ் பின்னால் ஆற அமர வந்தது. அது யாருக்காகவும் அவசரப்படவில்லை.

அவனுக்குச் சுருக்கென்றது. புதிய பதிப்பின் கீழே வந்திருந்த ஓர் அபிப்பிராயம் ஞாபகம் வந்தது: பாடுகிறவருக்குப் பஸ் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது, வரியைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்து நிற்கிறார் என்று யாரோ கிண்டல் செய்திருந்தார்கள். புது மாதிரிக் குறையாக இருக்கிறதே என்று அதற்கும் எந்தப் போன் என்று கேட்டு வைத்திருந்தான். இப்போது பழைய பதிவைத் தேடி எடுத்து, கிட்டாரை அடக்கிவிட்டு, குரலையும் ட்ரம்ஸையும் மட்டும் வைத்துக் கேட்டான். இரண்டாம் சரணத்தில் முதலில் வேகம் எடுப்பது குரல். ட்ரம்ஸ் ஒரு மயிரிழை பின்னால், அதைத் தொட்டுக்கொண்டே வருகிறது. ஊருக்கெல்லாம் குறை சொல்லிப் பிழைக்கிறவன், குறை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அடுத்தவள் கையைக் கட்டிவிட்டிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அழுகை வரும் போலிருந்தது.

கழக்கூட்டத்தில் ஷிஜா தங்கியிருக்கும் விடுதியில் ஆண்களைக் கேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். வார்டன் ஷைலஜா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று உள்ளே ஆள் அனுப்பினாள். ஷிஜா வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். பின்னால் ஹைவேயில் வண்டிகள் நகர வழியில்லாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

“ஓடினது நானாக்கும்” என்றான் செல்வகணேஷ்.

“தெரியும்.”

“பின்னே அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? ட்ரம்ஸ் வாசிக்கிற ஆளுதானே பிடிச்சு நிறுத்தணும்?”

ஷிஜா ரோட்டைப் பார்த்தபடி, “நிறுத்தியிருக்கலாம்” என்றாள். “நான் நின்னா நீ தனியா போயி விழுவ. கேக்கிறவங்க எல்லாருக்கும் அதுதான் கேக்கும். நான் கூட வந்தா, ரெண்டு பேரும் சேந்து ஓடினதாட்டு இருக்கும். அதுனால வந்தேன்.” பிறகு அவனை நேராகப் பார்த்தாள். “நீ என்ன செஞ்ச? என்னைப் பிடிச்சுக் கட்டி நிறுத்திட்டு, நீ மட்டும் போயிட்ட.”

தப்பு என்னுடையது, மன்னிச்சிரு என்றான். வழக்கமாக அவன் மன்னிப்புக் கேட்டால் பின்னாலேயே ஒரு விளக்கமும் வரும்; அன்று வரவில்லை. சனிக்கிழமை வருவாயா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்றே பழைய ஆல்பத்தை, அண்டா முனகல் உட்பட, அப்படியே திருப்பி ஏற்றினான். கடைசிப் பாட்டில் ஓடுவது பாடகன், ட்ரம்ஸ் அவனுக்குத் துணைக்குப் போகிறது என்று கீழே எழுதினான். உடனே, புதியதுதான் நன்றாக இருந்தது, ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பழையது வந்ததில் பாதி உயிர் வந்தது என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டன. செல்வகணேஷ் எல்லாவற்றையும் படித்தான். பதில் எழுத விரல் துறுதுறுத்தது. போனைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. மானவீயம் வீதியில் மரத்தடியில் மேடை. நேரம் ஆக ஆக பிரவின்ராஜ் மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். கடைசி நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஷிஜா இறங்கி ட்ரம்ஸைப் பூட்டினாள். செல்வகணேஷ் ஒன்றும் கேட்காமல் ஸ்டாண்டுகளைத் தூக்கிக் கொடுத்தான். ஒரு திருகு லேசாக ஆடியது. அதைக்கூடச் சொல்லாமல் தானே இறுக்கினான்.

கூட்டம் வழக்கம்போல ஆளுக்கு ஒரு பக்கமாக இருந்தது. முன்னால் நின்றவர்கள் ஆடினார்கள். நடுவில் நின்றவர்கள் இது தமிழா மலையாளமா என்று வாதம் செய்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு ஒரு குடும்பம் நடையைக் கட்டியது. கடைசிப் பாட்டு வந்தது. முதல் சரணம் நிதானமாகப் போயிற்று. இரண்டாம் சரணத்தில் அவன் கால் துடித்தது. இன்று ஓடக்கூடாது என்று முடிவு கட்டி வந்திருந்தான். சொல்லைச் சொல்லாகப் பிடித்துப் பிடித்துப் பாடினான். அவன் பாட்டில் அவ்வளவு நிதானம் யாரும் கேட்டதில்லை. நன்றாகவும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து ட்ரம்ஸ் ஓட ஆரம்பித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். ஷிஜா அவனைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, உதட்டோரம் சிரிப்போடு, கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள். அவளைத் தனியாகப் போகவிட அவனுக்கு மனம் வரவில்லை. கூடவே ஓடினான்.