மெர்லீன் விசில் ஊதிய கதை

எங்கள் கட்டடத்தில் மெர்லீனுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை அவளுக்கு. குரலைக் கேட்டதுமே பாதிப் பேர் தானாக எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவள் ட்ரினிடாட்காரி, நான் ஜமைக்காக்காரி. புரூக்ளினுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எந்தத் தீவு உசத்தி என்கிற வழக்கு எங்களுக்குள் தீரவில்லை.

செப்டம்பரில் நடக்கிற கரீபியன் ஊர்வலத்தில் இந்த முறை அவளைக் கூட்டப் பாதுகாப்புக்குப் போட்டார்கள். ஆரஞ்சு மேல்சட்டை, கழுத்தில் ஒரு விசில். யாருக்கு வந்த யோசனையோ, நாசமாய்ப் போக! எங்கள் ஊர்வலத்தில் விசில் சத்தம் கேட்டால் யாராவது நிற்பார்களா? இன்னும் எகிறிக் குதிப்பார்கள்.

மத்தியானம் தெரு முனையில் வாத்தியக்காரர்களின் சக்கரமேடை திரும்பும்போது கூட்டம் நெருக்கியது. ஆளுயர இறகுச் சிறகு கட்டி ஆடிக்கொண்டிருந்த மெர்லீனின் மகள் ஷெர்னா, மேடைக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு மூச்சு முட்டியது.

மெர்லீன் விசிலை ஊதினாள். கூட்டம் குதித்தது. நெஞ்சு வெடிக்க மறுபடி ஊதினாள். "அப்படிப் போடுக்கா!" என்று ஒருத்தன் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தான். விட்டாள் பாருங்கள் ஓர் அறை!

அப்புறம் மேடையில் பாய்ந்து ஏறி, குழுத் தலைவன் கார்வினின் தொப்பியைத் தட்டிவிட்டாள்.

"எம் பொண்ணு நசுங்குறாய்யா! நம்ம தேசிய கீதத்த வாசி!"

"இங்கயா? இப்பவா?"

"வாசிக்கிறியா, ஒன் வாத்தியக் குச்சிய ஒடிக்கவா?"

கீதம் எழும்பியது. ட்ரினிடாட்காரர்கள் அத்தனை பேரும் அப்படியே விறைத்து நின்றார்கள். ஒருத்தர் வாயில் பாதி ரொட்டி, மெல்லவில்லை. இதைப் பார்த்து மிரண்டுபோய் மற்றத் தீவுக்காரர்களும் நின்றார்கள். தள்ளுமுள்ளு அடங்கியது.

மெர்லீன் இறங்கி ஓடி வருவாள் என்று பார்த்தால், அவளும் மேடையில் விறைத்து நிற்கிறாள்!

"அடிப்பாவி, வாடி! பொண்ணு இங்க கெடக்கா!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

கண்ணீர் வழிந்ததே தவிர, ஒரு விரல்கூட அசையவில்லை. எனக்கென்ன, என் நாட்டுப் பாட்டா? நான்தான் புகுந்து போய், சிறகைப் பிய்த்து ஷெர்னாவை வெளியே இழுத்தேன்.

கடைசி நாதம் அடங்கியதும் மெர்லீன் குதித்து வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பெத்தவதானா நீ? செல மாதிரி நின்னியேடி!"

"நான் அசைஞ்சிருந்தா எல்லாரும் அசைஞ்சிருப்பாங்க, டெலோரிஸ். மறுபடி நெருக்கியிருப்பாங்க."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஓடிப்போய் அவளத் தூக்குவேன்னு எனக்குத் தெரியும். ஒங்க ஊர்க்காரங்களுக்குத்தான் எங்க பாட்டுன்னா மரியாதையே கெடையாதே."