ஃபூர் தீவின் கல்மீன்

எங்கள் வீட்டில் யாரும் சும்மா எங்கும் போனதில்லை. கல்யாணம், செத்த வீடு, கோயில் திருவிழா, இல்லாவிட்டால் யாருக்காவது ஆஸ்பத்திரி. டென்மார்க்கில் நாங்கள் இருந்த சில்க்போர்க்கை விட்டு எங்கள் கார் வெளியேற இப்படி ஏதாவது ஒரு காரணம் வேண்டும். ஆகவே எனக்கு எட்டு வயதான கோடையில், எரிமலைத் தீவு பார்க்கப் போகிறோம் என்று அம்மா அறிவித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. எரிமலை என்ற சொல் என் மூளை முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

விஷயம் இதுதான். அம்மாவின் தங்கையான சித்தி அப்போது எங்களோடு இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. வந்த சம்பந்தங்களை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கோல்டிங் நகரத்திலிருந்து ஒன்று வந்தது. தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன், மாப்பிள்ளையோடு ஒரு முழுநாள் கதைத்துப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் பிறகு இந்த வீட்டில் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று சித்தி நிபந்தனை போட்டாராம். சில்க்போர்க் ஏரிக்கரையில் ஒரு பெண்ணும் ஆணும் சேர்ந்து நடந்தால் பொழுது சாய்வதற்குள் டென்மார்க்கிலுள்ள தமிழர் அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும். அதனால் நம்மவர்கள் எவரும் எட்டிப் பார்க்காத இடமாக அப்பா தேடிப் பிடித்ததுதான் ஃபூர் தீவு. இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் தெரிய வந்தது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது எரிமலை மட்டுமே.

படகுத்துறையில் ஒருவர் எங்களுக்காகக் காத்து நின்றார். மடிப்புக் கலையாமல் அழுத்திய சட்டை, கழுத்தில் தொலைநோக்கி. அவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்பதில் அம்மாவுக்கே குழப்பம். அண்ணை என்றால் முறை பிசகிவிடும், சித்தப்பா என்றால் முந்திக்கொண்டதாகிவிடும். கடைசியில், "அங்கிளுக்கு வணக்கம் சொல்லுங்கோ பிள்ளை" என்று சமாளித்தார். படகு அக்கரை சேர்வதற்கு முன்பே தொலைநோக்கி என் கழுத்துக்கு வந்துவிட்டது.

தீவில் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. ஊதாப் பூக்களும் செம்மறியாடுகளும்தான் இருந்தன. ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் டேனிஷில் சத்தம் போட்டேன். கோல்டிங்காரர் என் பக்கத்தில் குந்தி இருந்து கடலோரத்து வெள்ளை மலைச்சுவரைக் காட்டினார். அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் ஓடின. மனிதர்களே இல்லாத காலத்தில் தூரத்து எரிமலைகள் வெடித்து, சாம்பல் காற்றில் வந்து கடலடியில் படிந்ததாம். ஒவ்வொரு கறுப்புக் கோடும் ஒரு வெடிப்பு. அந்தச் சுவரில் பொந்து வைத்திருந்த சிறு குருவிகள் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. நான் தீவை மன்னித்தேன். அந்த மனிதரை என் சொத்தாக்கிக்கொண்டேன்.

அதன்பிறகு அம்மா பட்ட பாடு சொல்லி மாளாது. கல்லில் கடல்நாய்கள் படுத்திருக்கின்றன, நீங்கள் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சித்தியையும் அவரையும் அனுப்பினார். தொலைநோக்கி என்னிடம் இருந்ததால் நானும் போனேன். போனதோடு நில்லாமல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவர் சித்தியிடம், "உங்கட வேலை எப்பிடி…" என்று தொடங்கும்போதெல்லாம் ஒரு கடல்நாய் திரும்பிப் படுத்தது, நான் கூவினேன். ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறி வழுக்கி விழுந்தபோது மூன்று பேருமே சிரித்தோம். அவ்வளவுதான் அவர்கள் கதைத்தது.

"இஞ்சை வா பிள்ளை, அப்பாக்கு ரோல்ஸ் எடுத்துக் குடு" என்று அம்மா தூரத்திலிருந்து கூப்பிட்டார்.

"அப்பாக்குக் கை இருக்குத்தானே!" என்றேன். அப்பா அதை ஆமோதிப்பதுபோல் தானே இரண்டு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கல் உடைக்கும் குழிக்குப் போனோம். அங்கே சுத்தியலும் உளியும் வாடகைக்குத் தருவார்கள். வெள்ளைக் கல்லைத் தட்டிப் பிளந்தால் உள்ளே பழங்காலத்து மீன் பதிந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்கு இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டேனிஷ் பொடியன் இரண்டு மீன் எடுத்து வாளியில் போட்டான். என் தலைமுடியெல்லாம் மா பூசியதுபோல் வெள்ளை, விரலில் அடி, மீன் மட்டும் இல்லை. படகுக்கு நேரமாகிறது என்று அப்பா சொன்னதும் நான் குழிக்குள் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சித்தி மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார். ஒரு நாள் பாழாய்ப் போன கவலை அம்மாவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இன்னும் ஒண்டே ஒண்டு உடைச்சுப் பாப்பம்" என்று கோல்டிங்காரர் ஒரு கல்லை என் முன்னால் வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு தட்டுத்தான் தட்டினேன். கல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே என் விரல் நீளத்தில் ஒரு மீன்! முள்ளு முள்ளாக, கண் இருந்த இடம்கூடத் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் குழிச்சுவரிலிருந்த பொந்துக் குருவிகளும் எல்லாம் கலைந்து பறந்தன. பொறுப்பாக இருந்த பெண்மணி வந்து பார்த்து, இது அரிய வகை இல்லை, நீயே வைத்துக்கொள்ளலாம் என்றார். பூமியில் அன்று என்னை விடச் சந்தோசமான பிள்ளை இருந்திருக்க முடியாது.

திரும்பும் படகில் அம்மா சித்தியின் காதோரம், "என்னடி சொல்லுறாய்? நாள் முழுக்க உந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கதைக்க விடேல்லை" என்றார்.

சித்தி, "ஓம்" என்றார்.

"என்ன ஓம்?"

"ஓமெண்டால் ஓம்தான் அக்கா."

அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லாம் என் மீனுக்காகத்தான் என்று நான் நம்பினேன். இவ்வளவு பெரிய மனிதர்கள் ஒரு மீனுக்கு இப்படியா அழுவார்கள் என்று எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

போன வருடம், தன் மகளின் பிறந்தநாள் வீட்டில் சட்டி கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் சித்தி எனக்கு மீதியைச் சொன்னார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுத நேரத்தில் அந்தக் கல்லைக் கோல்டிங்காரர் ஏற்கனவே பிளந்துவிட்டிருந்தார். மீனைக் கண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இரண்டு பாதியையும் பொருத்தி, வெடிப்பில் ஈரமண்ணைத் தடவி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"ஒருத்தரும் காணேல்லை எண்டு நினைச்சிட்டார்" என்றார் சித்தி. "நான் மேலை நிண்டு பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான். அதுக்குப் பிறகு அந்த மனுசனோட கதைச்சுப் பாக்க என்ன கிடக்கு?"