மகனின் சட்டைப் பை

நான் காவல் நிலையத்தில் ரைட்டர். பிடித்து வரப்படுகிறவன் யாராக இருந்தாலும் பையில் இருப்பதையெல்லாம் முதலில் என் மேஜைமேல் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வேன். இதையே வருடக்கணக்கில் செய்ததில், ஆளைப் பார்த்ததுமே குற்றவாளியா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற திமிர் எனக்கு வந்துவிட்டது.

மகன் தென்காசியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். ஆறடிக்கு மேல் உயரம், முன்கோபி. மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்ததால், திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மகனுக்கு ஒரு ஒய் குரோமோசோம் கூடுதலாக இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, இப்படி இருக்கிற பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். போனில் தேடினேன். ஜெயிலில் இருந்த நெட்டையான ஆட்களுக்கு இந்த ஒய் கூடுதலாக இருந்ததாம். அது குற்றவாளிகளின் குரோமோசோம் என்று எவனோ எழுதியிருந்தான். அதற்குமேல் படிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் இவன் ஒருத்தன் மூக்கை உடைத்தது ஞாபகம் வந்தது. அதன்பிறகு அவன் கதவைப் படாரென்று சாத்தினாலே எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். பெற்ற பிள்ளையை மனதுக்குள் கேடி லிஸ்டில் சேர்த்துவிட்டேன்.

அந்தச் சீசனில் எனக்குக் குற்றாலத்தில் டூட்டி. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஒரு பெண் அழுதுகொண்டே வந்தார். கழுத்துச் செயினைக் காணவில்லை.

"நெட்டையா ஒருத்தன் சார், செவப்புச் சட்ட. இடிச்சிக்கிட்டுப் போனான்."

காலையில் மகன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டாளிகளோடு அருவிக்குக் கிளம்பியதை நான்தான் பார்த்தேன்.

மதியம் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கொடியில் அந்தச் சட்டை ஈரமாகத் தொங்கியது. பைக்குள் கையை விட்டேன். நனைந்துபோன மருந்துச் சீட்டு ஒன்றுதான் இருந்தது, மருமகளுடையது.

"என்னப்பா தேடுதிய?" பின்னால் மகன் நின்றான்.

"வண்டிச் சாவி."

"அது ஒங்க கையிலதான இருக்கு."

வெட்கத்தில் இன்னும் கெடுத்தேன். "அருவியில யார் செயினையாவது தொட்டியாலே?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்த ரிப்போர்ட்ட வச்சிக் கேக்குதியளா?" என்றான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் போன் செய்தார். துண்டை உதறியபோது அதில் சிக்கியிருந்த செயின் கீழே விழுந்ததாம்.

அடுத்த முறை மகனும் மருமகளும் டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். மகன் பக்கத்தில் இருக்கும்போதே, போனில் படித்தது உண்மையா என்று கேட்டேன்.

"அது பழைய கதை சார். ஜெயிலுக்குள்ள மட்டும் தேடிட்டு, வெளியில நிம்மதியா இருக்கிறவங்களப் பாக்காமச் சொன்னது" என்றார். பிறகு, "இன்னொண்ணு, அந்தக் கூடுதல் ஒய் அப்பாகிட்ட இருந்துதான் வரும். தற்செயலா நடக்கிறது, யார் தப்பும் இல்ல" என்றார். மகன் என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவன் நேராக என் முன்னால் வந்து நின்றான். சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் இருந்ததை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தான். டெஸ்டர், இன்சுலேஷன் டேப், கடைச் சாவி, மருமகளின் மாத்திரை அட்டை.

"எழுதிக்கோங்கப்பா" என்றான்.