கம்பத்து நிழலில் ஒரு கியூ

ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன அன்று நான் செய்த முதல் காரியம் — ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் குறைத்தார்கள். நானும் மறுபடியும் அளந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எல்லாமே அரைத்தூக்கத்தில் நடப்பது மாதிரி இருந்தது. சனிக்கிழமை வாலாஜாபாத்தில் வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண் சொருகியது. வெளியே வயல், ஏரி, மறுபடி வயல்... கனவில் என் நோட்டுகள் எல்லாம் சுருங்கிச் சுருங்கித் தபால்தலை அளவாகி, ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே ஏரிப் பக்கம் பறந்தன. அழகாகத்தான் இருந்தது. எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினேன். கண்டக்டர் அந்தக் கையைத் தட்டி, சுங்குவார்சத்திரம் வந்துவிட்டது என்றார்.

இறங்கினால் எதிரே கியூ.

அண்ணாச்சியின் மளிகைக் கடை வாசலில் ஆரம்பித்து, ரோட்டோரக் கரண்ட் கம்பம் வரைக்கும் எட்டு பேர். ஒருவர் பின் ஒருவராக, அமைதியாக. மளிகைக் கடையில் கியூ என்றால் என்ன அர்த்தம்? தட்டுப்பாடுதானே? ஓடிப்போய் ஒன்பதாவது ஆளாக நின்றேன். எதற்கென்று கேட்கவில்லை. கேட்கிற நேரத்தில் இடம் போய்விட்டால்?

நாலு மணி வெயில் எனக்கு மட்டும் மண்டையைப் பிளந்தது. எனக்கு முன்னால் நின்ற எட்டு பேரும் அவ்வப்போது சொல்லிவைத்தாற்போல அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். கியூ முன்னால்தானே நகரும்? அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, என் பின்னால் நின்று காதோரம் கேட்டார். "இன்னா சார் குட்க்கிறாங்கோ?"

"சக்கரை" என்றேன்.

ஏன் சக்கரை? காலையில் என் மனைவி வாங்கி வரச் சொன்னது அது ஒன்றுதான். கால் கிலோ.

ஐந்து நிமிஷத்தில் என் பின்னால் இருபது பேர். அண்ணாச்சி தலையை நீட்டிப் பார்த்தார். உள்ளே போனார். ஈரத்துணியோடு வந்து, விலைப் பலகையில் சக்கரைக்கு நேரே இருந்ததை அழித்துவிட்டு ஒரு ரூபாய் கூட்டி எழுதினார். பார்த்தீர்களா, நான் பயந்தது சரிதான் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அப்போது ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. முன்னால் நின்ற எட்டு பேரும் அதில் ஏறி செகண்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது கியூவில் முதல் ஆள் நான்!

"எவ்வளவு சார் போட?" என்றார் அண்ணாச்சி. பின்னால் இருபது ஜோடிக் கண்கள். "அஞ்சு கிலோ" என்றேன். பின்னால் இருந்தவர்கள் மட்டும் சளைத்தவர்களா?

கடைசியாக வந்தவர் முனியம்மா. கம்பெனி கேட் பக்கம் கெட்டிலில் டீ விற்பவர். தினமும் இதே நேரத்துக்கு அரை கிலோ சக்கரை வாங்கினால்தான் சாயங்கால பிரேக்குக்கு டீ. அந்த டீதான் அவருக்கு ராத்திரிச் சோறு. அண்ணாச்சி காலிச் சாக்கை உதறிக் காட்டினார். நான் என் பையோடு கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். கம்பம் என்னைவிட ஒல்லி.

"இன்னாத்துக்கு சார் இம்மாங்கூட்டம்?" என்று என்னிடமே கேட்டார் முனியம்மா. முதலில் இருந்த கியூவையும், நான் 'சக்கரை' என்றதையும் சொன்னேன். அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அது கியூ இல்ல சார். பஸ்ஸு வர்ற வரிக்கும் கம்பத்து நெழல்ல நின்னுகினு இருப்பாங்கோ. டெய்லி அப்டித்தான்."

நிழல் ஒல்லி. அதனால் வரிசை. அதன் நுனி அந்த நேரத்துக்கு அண்ணாச்சி கடைப் படியைத் தொடும். அவ்வளவுதான் விஷயம்.

ரூபாய் மதிப்பு குறைந்தால், வெளிநாட்டிலிருந்து வாங்குகிற சரக்குக்கு நாம் கூடுதல் ரூபாய் தர வேண்டும். அது மெதுவாகத்தான் மளிகைக் கடை வரைக்கும் வந்து சேரும். நம் ஊர்க் கரும்புக்கு அந்தச் சேதி அந்தச் சனிக்கிழமைக்குள் எட்டியிருக்குமா? அன்று விலையை ஏற்றியது டாலர் இல்லை. ஏறும் என்று பயந்து வாங்கினோம், ஏறியது. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு 'எதிர்பார்ப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் அதன் பெயர் — நான்.

அங்கேயே முனியம்மாவிடம் பையை நீட்டி, முழுசாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காசு வேண்டாம் என்றும் சொன்னேன். முனியம்மா நேற்றைய விலையைக் கொடுத்து, அண்ணாச்சி தராசிலேயே அரை கிலோ மட்டும் நிறுத்து எடுத்துக்கொண்டார்.

"எனுக்கு அர கிலோ போதும். நீயே பஞ்சத்த இட்டுகினு வந்த, இப்ப நீயே ரேஷன் கடயும் தொறக்குறியா சார்?"

திங்கட்கிழமை பலகையில் பழைய விலை திரும்பிவிட்டது. மீதிச் சக்கரையை எங்கள் வீட்டு எறும்புகள் நிதானமாக, ஒரே வரிசையில் எடுத்துப் போய்க்கொண்டிருக்கின்றன. அது நிஜமான கியூ.

இப்போதெல்லாம் எங்கே கியூவைப் பார்த்தாலும், முதலில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.