தம்பி வீட்டுத் தண்ணீர்

நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஓ எல் பரீட்சை வரைதான் படித்தவள். கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான் தண்ணீர் பில்டர் வாங்கியதைப் பற்றி எழுதுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை ஏன் வாங்கினேன் என்று இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

என் கணவரின் தம்பி குடும்பம் இங்கே, நாங்கள் குடிவந்த நாட்டில், பிளாட் புஷ் என்ற பகுதியில் புது வீடு வாங்கியது. சுவாமியார் வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்த அன்று, அவர் போன பிறகு, தம்பியின் மனைவி எங்கள் எல்லோரையும் குசினிக்குக் கூட்டிப்போனாள். பெரிய பைப்புக்குப் பக்கத்தில், வளைந்த கழுத்தோடு ஒரு சின்னப் பைப். கீழே கதவைத் திறந்து இரண்டு வெள்ளைக் குடுவைகளைக் காட்டினாள். குடிக்கிற தண்ணீர் அதற்குள்ளால்தான் வருகிறதாம். எல்லோருக்கும் ஒவ்வொரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தாள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"தண்ணி எண்டா இதுதான் தண்ணி" என்றார்.

கல்யாணம் கட்டி இருபத்திநான்கு வருடம். நான் வைக்கும் நண்டுக் கறிக்கு அவர் சொல்லும் உச்சமான பாராட்டு 'பரவாயில்லை' என்பதுதான்.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த கிழமை அவர் வேலை முடிந்து வரும்போது இரண்டு பெரிய போத்தல்களில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்தார். அவர் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை செய்கிறார். நாங்கள் இருப்பது மங்கரேயில், வாடகை வீட்டில். வேலையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். பிளாட் புஷ் வீட்டையும் தாண்டிப் போகவேண்டிய இடம். ஆனாலும் கிழமையில் மூன்று நாள் போனார்.

அவர் பிறந்து வளர்ந்த பக்கத்தில் கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணீரை அடுத்த வீட்டில் அள்ளுவது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. எனக்கோ, என் குசினியில் பைப் இருக்க அவர் இன்னொருத்தியின் குசினியில் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. அவள் என்ன சொல்லியிருப்பாள், சிரித்திருப்பாளா, தேத்தண்ணியும் கொடுத்திருப்பாளா என்று யோசித்தபடியே சோறு வடிப்பேன். கடைசியில் மகளும் பிரிட்ஜைத் திறந்து, "மா, இஸ் திஸ் த குட் வாட்டர்?" என்று கேட்கத் தொடங்கினாள்.

"நாங்களும் ஒண்டு பூட்டுவம்" என்று அவரிடம் சொன்னேன்.

"ஏன் வீணா? தம்பி வீட்டை கிடக்குத்தானே" என்றார்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இந்த மனிதர் தாகத்துக்கு என் கையால்தான் குடிக்கவேண்டும்.

பில்டர் விற்கும் கடைக்குத் தனியாகப் போனேன். வாசலில் இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளே நின்றது மலேசியத் தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும். தமிழ் கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

"உங்க வீட்டுத் தண்ணியில என்னா பிரச்சனைக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் தண்ணீரில் ஒரு பிரச்சனையும் இல்லை. இத்தனை வருடம் குடித்து ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"கலங்கலா வருதா? துரு? இல்ல, மருந்து வாசமா?"

"ஓம், வாசம்" என்று பொய் சொன்னேன்.

"வாசத்துக்கு இந்த ஜக்கே போதும். உள்ள ஒரு கரி பில்டர் இருக்கு, அதை மட்டும் மாத்திக்கிட்டே இருங்க."

மேசையில் வைக்கும் சாதாரண பிளாஸ்டிக் ஜக். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "குடுவை வச்சது... மூண்டு குடுவை வச்சது இருக்கோ?" என்றேன்.

"மூணா? எதுக்குக்கா? டவுன் தண்ணிதானே! வீடு சொந்தமா, ரெண்ட்டா?"

"ரெண்ட்" என்றேன். பக்கத்தில் நின்ற இருவருக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது.

சின்க்குக்குக் கீழே பூட்டுவதென்றால் தனிப் பைப்புக்குப் பெஞ்சில், அதாவது சின்க் பதித்த மேடையில், துளை போடவேண்டும், வீட்டுக்காரரிடம் கேளுங்கள் என்றாள். மகளைக்கொண்டு வீட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டேன். துளை போடக்கூடாது என்று பதில் வந்தது. மிஞ்சியது பெஞ்சுக்கு மேலே நிற்கிற வகை. இருக்கிற பைப்பின் வாயில் குழாயைத் திருகிவிடலாம். அதில் மூன்று குடுவை உள்ளதும் இருந்தது. ஜக்கே போதும் என்று அந்தப் பெண் திரும்பவும் சொன்னாள். நான் மூன்று குடுவை வைத்ததையே தூக்கிக்கொண்டு வந்தேன். தம்பி வீட்டில் இரண்டுதானே.

அது மட்டும் போதவில்லை. அவள் வந்து பார்க்கவேண்டும். சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணிக்கு வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டேன். நானாக ஒருவரைக் கூப்பிட்டது எத்தனை வருடத்துக்குப் பிறகோ தெரியாது. கணவர் முணுமுணுத்துக்கொண்டே பூட்டினார். பைப்பின் வாயில் அது முதலில் பொருந்தவில்லை, இன்னொரு வளையம் வாங்க ஓடினார். அவர் கடைசித் திருகு திருகும்போதே வாசலில் கார் வந்து நின்றது. ஆங்கிலத்தில் நாலு பக்கம் விளக்கம் இருந்தது. அதைப் பெட்டியோடு ஒதுக்கிவைத்தேன்.

எல்லோரும் குசினியில் நின்றார்கள். நான் நல்ல கிளாஸாக எடுத்துப் பிடித்து, முதல் தண்ணீரைக் கணவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் சாம்பல் கரைத்ததுபோல் கறுத்திருந்தது.

"இதென்னப்பா, கோப்பியே?" என்றார். தம்பி சிரித்தார். மகள் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, "இயூ" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்று இருந்தது. தம்பியின் மனைவிதான் கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கி ஊற்றினாள்.

"அக்கா, அது கரித்தூள். புதுசெண்டா முதல் தண்ணியப் பத்து நிமிசம் திறந்து விடவேணும். நானும் முதல் நாள் இவருக்குக் கறுப்புத் தண்ணிதான் குடுத்தனான். குடிச்சும் போட்டார் மனுசன்!"

"குடிச்சனான்தான். பிறகல்லோ சொன்னவ" என்றார் தம்பி.

அவள் எனக்காகத்தான் சொன்னாள், தெரிகிறது. ஆனால் என் மனம் போன போக்கைப் பாருங்கள். கறுப்புத் தண்ணீரிலும் அவள்தான் முந்தி என்று நினைத்தேன்.

அவளே பைப்பைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று நேரம் பார்த்தாள். தண்ணீர் தெளிந்ததும் தள்ளி நின்று, "நீங்கள் குடுங்கோ அக்கா" என்றாள். நான் பிடித்துக் கொடுத்தேன். அவர் முழுவதும் குடித்தார். கண்ணை மூடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப அத்தான் இனி எங்கட பக்கம் எட்டியும் பாக்கமாட்டியள்" என்றாள் அவள்.

"சீ, என்ன பிள்ளை கதைக்கிறீர்? தண்ணிக்கே வந்தனான்? வேலையால வர இவனோட நாலு கதை கதைக்க வேற எங்க போறது?"

தம்பி அவர் தோளில் தட்டினார். இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டு பின் முற்றத்துக்குப் போனார்கள். என் மூன்று குடுவைகளையும் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அவர் என்னோடு கதைக்க வீட்டுக்கு ஓடிவந்த நாள் ஒன்று இருந்ததா என்று யோசித்தேன். நான் அதிகம் கதைக்கிற ஆளில்லை.

மறுநாள் ஞாயிறு என்றாலும் அவருக்கு வேலை இருந்தது. முடிந்து பிளாட் புஷ் போய்த்தான் வந்தார். தண்ணீர் கொண்டுவரவில்லை. தம்பியின் மனைவி வறுத்து அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள் ஒரு பைதான் அவர் கையில் இருந்தது. நான் அதைத் திறக்காமல், எங்களிடம் இருந்த தூளைப் போட்டே மீன் குழம்பு வைத்தேன்.