அணைத்து வைத்த ரோமிங்

ஊர் வாய்க்கும் அஞ்சமாட்டாள், ஏறும் கம்பத்துக்கும் அஞ்சமாட்டாள். ஆந்திராவில் நகரியை ஒட்டிய, தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமங்களில் கல்பனாவைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். பெற்றவர்கள் அடுத்தவன் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். இவளோ கேபிள் டிவி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, ஒயர் இழுக்கக் கற்றுக்கொண்டு, இன்று சின்னச் சின்ன ஆபீசுகளுக்கெல்லாம் நெட் போட்டுக் கொடுக்கிறாள். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஏணி?" என்று கேட்டவன் வீட்டிலும் இப்போது அவள் போட்ட வைஃபைதான்!

போன வாரம் டாக்டர் யஸ்வந்த்தின் கிளினிக்குக்குப் போனாள். அங்கே இசிஜி எடுத்தால், படம் நெட் வழியாகத் திருப்பதி இதய டாக்டருக்குப் போகும். நெட் வரும் பைபர் ஒயர் அறுந்தால் என்ன கதி? அதற்காக சிம் போட்ட ரவுட்டர் ஒன்றையும் மாட்டினாள். எல்லார் முன்னாலும் பைபரைப் பிடுங்கிக் காட்டினாள். சிம் உடனே பிடித்துக்கொண்டது. "இடியே வுழுந்தாலும் நெட்டு நிக்காது சார்" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

இன்று மத்தியானம் புது பிரிண்டரை இணைக்க வந்திருந்தாள். திடீரென்று காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. வேப்பமரம் சாய்ந்ததில் பைபர் அறுந்தது, கரண்டும் போனது. அந்த நேரம் பார்த்தா பக்கத்து ஊர் கிரண்குமார் தன் அம்மா பொன்னியம்மாவை ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

இசிஜியைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. "அட்டாக் மாதிரிதான் தெரியுது. ஆனா இவங்களுக்கு வயித்துப் புண்ணுல ஏற்கெனவே ரத்தம் போயிருக்குது. ரத்தக்கட்டி கரைக்கிற ஊசியைத் தப்பாப் போட்டா ஆளே போயிடும். திருப்பதி சார் பாக்காம போடமாட்டேன். கல்பனா, சீக்கிரம் அனுப்பும்மா!"

பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ரவுட்டரில் சிக்னல் முழுசாக இருந்தது, நெட் மட்டும் வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அணைத்துப் போட்டாள், சிம்மைக் கழற்றி மாட்டினாள். ஊஹூம். நர்ஸ் சுலோசனாவின் போன், கிரணின் போன், தன் போன் என்று எல்லாவற்றிலும் பார்த்தாள். பேச்சு போகிறது, படம் போகவில்லை. "இன்னும் ஒண்ணும் வரலியே" என்று திருப்பதி டாக்டர் போனில் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"இன்னாக்கா நோண்டிக்கினு கீறே? எங்கம்மா போயிடும்போல கீது!" கிரண் கத்தினான். கல்பனா மறுபடியும் ரவுட்டரை அணைத்துப் போட்டாள். கம்பத்தின் உச்சியில்கூட இப்படிப் பயந்ததில்லை.

சுலோசனாவின் போனில் மெசேஜ் விழுந்தது. "த்தூ! சிம் கம்பெனிக்காரன் தமிழ்நாட்டுக்கு வாங்கன்னு கூப்புடுறான். நேரங்காலம் தெரியாம!" என்று சலித்துக்கொண்டாள் அவள்.

கல்பனா தலையில் அடித்துக்கொண்டாள். அட பாவி மனமே! எல்லையோர வீடுகளில் அடுப்பங்கரையில் நின்றால் ஆந்திரா டவர், கொல்லைக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். வேற மாநில டவரைப் பிடித்தால் ரோமிங் என்று காசு பிடித்த காலத்தில், அந்தப் பக்கத்து ஜனங்கள் புதுப்போன் வாங்கினால் முதல் வேலையாக ரோமிங்கை அணைப்பார்கள். காசு பிடிப்பது எப்போதோ நின்றும் கைப்பழக்கம் போகவில்லை. கல்பனாவின் கையும் அந்த ஊர்க் கைதானே. ரவுட்டரிலும் அதை அணைத்து வைத்திருந்தாள். இன்றைக்குக் கரண்டில்லாமல் ஆந்திரா டவர் படுத்ததும், சிம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருக்கிறது. ரோமிங் இல்லாமல் நெட் எப்படி வரும்?

ரோமிங்கைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. படம் போனது.

போனில் திருப்பதி டாக்டர் வயிற்றுப் புண்ணைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். அப்புறம், "அட்டாக்தான். புண்ணுல ரத்தம் வந்தா இங்க நான் பாத்துக்கறேன், ஊசியைப் போடுங்க" என்றார்.

ஊசி இறங்கி, வலி மெல்லக் குறைந்து, பொன்னியம்மா தண்ணீர் கேட்டாள். திருப்பதிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கல்பனா கிரணின் கையைப் பிடித்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"தம்பி, நெட்டு நின்னது மழையால இல்ல. ரவுட்டர்ல நான்தான் ஒண்ணை அணைச்சு வச்சிருந்தேன். லேட்டானது என்னால."

அவன் அவளை முறைத்துப் பார்த்தான். "எங்கம்மா செத்திருந்தா உன்னை சும்மா வுட்டிருக்க மாட்டேன்க்கா."

"செத்திருந்தா நானே என்னை சும்மா வுட்டிருக்க மாட்டேன்டா" என்றாள் கல்பனா.